ஆம்புலன்ஸ் வரும்வரை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் வெட்டிக்கொள்கின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்களும் கண்டெய்னர் லாரிகளும் திரும்ப இடம் தேடி நிற்கும். இவற்றுக்கு நடுவே சைரன் ஒலிக்கும் வண்டிக்கு வழி விட எல்லோரும் விரும்புவார்கள், ஆனால் ஒதுங்க இடம் இருக்காது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சில கிலோமீட்டர்தான் தூரம் என்றாலும் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேரும் என்பதை இங்கே ஷிஃப்ட் நேரம் தீர்மானிக்கிறது.

சாலைக்கு இருபுறமும் உள்ள ஆலைகளுக்குள் நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளிகளுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்று விதித்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருந்தும் மருத்துவப் பணியாளர்களும் உள்ள ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. இன்று பெரிய ஆலைகளில் அதை ஓ.எச்.சி. (தொழில்சார் நல மையம்) என்பார்கள். லைனில் வேலை செய்யும் ஒருவருக்கு மயக்கம் வந்தால் நடந்து போகும் தூரத்தில் படுக்கையும் ஆக்சிஜனும் ஒரு செவிலியரும் இருக்கிறார்கள்.

அந்தத் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. 600 பிள்ளைகள் படித்தாலும் தலைமையாசிரியர் அறையில் இருப்பது பஞ்சு, டெட்டால், பாராசிட்டமால், கட்டுத் துணி. விளையாடி விழுந்த முழங்காலுக்கு இவை போதும். உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் ஒரு நிலைக்கு, பதினைந்து நிமிடத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு நிலைக்கு, இவற்றில் ஒன்றும் உதவாது. இந்த அத்தியாயம் அந்த நிலையைப் பற்றியது.

மருத்துவர்கள் அதை அனஃபைலாக்சிஸ் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தன் ஆராய்ச்சிக் கப்பலில் பிரெஞ்சு உடலியல் அறிஞர்கள் சார்ல் ரிஷே, பால் போர்த்தியே இருவரையும் அழைத்துப் போனார். மாலுமிகளைச் சுட்டு வதைக்கும் ஜெல்லிமீன் போன்ற ஒரு கடல் உயிரியின் நஞ்சை ஆராய்வது நோக்கம். கரை திரும்பிய பின் இருவரும் கடற்சாமந்தி என்ற உயிரியின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறு அளவில் கொடுத்துப் பழக்கினால், அம்மைத் தடுப்பூசியைப் போல, உடலுக்குத் தாங்கும் சக்தி வரும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கியது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, முன்பு அது தாங்கிய நஞ்சையே கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அரைமணி நேரத்துக்குள் அது வாந்தி எடுத்து, மூச்சுத் திணறி, செத்துப்போனது. முதல் தடவை உடல் கற்றுக்கொண்டது பாதுகாப்பை அல்ல என்று ரிஷே புரிந்துகொண்டார். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உடல் அப்படி எதைக் கற்றுக்கொள்கிறது என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதியர் இரத்தத்தில் மிகமிகக் குறைவாக இருக்கும் ஒரு எதிர்ப்புரதத்தை இனம் கண்டார்கள். அதே காலத்தில் சுவீடனின் உப்சாலாவிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1968இல் அதற்கு ஐஜி-ஈ என்று பெயர் நிலைத்தது. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும், இரத்தக் குழாய்களை ஒட்டியும், மாஸ்ட் செல் என்ற உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்கள் சிறுசிறு மணிகளாக நிரம்பியிருக்கும். முட்டையின் ஒரு புரதத்தை உடல் தவறாக எதிரி என்று முடிவு கட்டிவிட்டால், அந்தப் புரதத்தையே தேடும் ஐஜி-ஈ உருவாகி இந்த மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்து ஒட்டியதும் செல்கள் தம் மணிகளை ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

தோலில் கொட்டினால் அரிப்பு, தடிப்பு. நம் ஊரில் காணாக்கடி என்று சொல்லி வெற்றிலையும் மிளகும் தேடுவார்கள். தோலோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் அது தானாக அடங்கும். மூச்சுக்குழாயில் கொட்டினால் அது சுருங்கும், தொண்டை வீங்கும். குடலில் கொட்டினால் வயிறு முறுக்கி வாந்தி வரும். உடல் முழுக்க இரத்தக் குழாய்களைச் சுற்றிக் கொட்டினால்தான் மோசம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட ஏரி அது. தண்ணீர் ஊருக்குள்தான் இருக்கும், ஏரியில் இருக்காது. குழாய்களின் சுவர் தளர்ந்து, பத்தே நிமிடத்தில் இரத்த ஓட்டத்திலுள்ள திரவத்தில் 35 சதவீதம் வரை வெளியே கசிந்துவிடலாம். ஒரு சொட்டு இரத்தம் வெளியே சிந்தாமலே இதயம் இறைக்க இரத்தம் இல்லாமல் போகிறது.

எவ்வளவு நேரம் இருக்கிறது? பிரிட்டனில் அனஃபைலாக்சிஸால் நேர்ந்த சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரீ 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இன்றும் மருத்துவர்கள் மேற்கோள் காட்டுவது. ஒவ்வாத உணவு உள்ளே போனதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும் வரை இடைநிலை நேரம் 30 நிமிடம். தேனீ, குளவி கொட்டினால் 15 நிமிடம். ஊசி மருந்தால் வந்தால் 5 நிமிடம். ஒவ்வொரு ஒவ்வாமையும் இப்படி முடியாது. மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால் யார் பிழைப்பார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். ஆகவே இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளை யார் என்று வகுப்பாசிரியர் அறிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

பம்ஃப்ரீயின் இன்னொரு கண்டுபிடிப்பு இந்தப் பகுதிக்கு நேராகப் பொருந்துகிறது. இறந்தவர்களில் சிலர், படுத்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்த அல்லது உட்காரவைக்கப்பட்ட சில நொடிகளில் நினைவிழந்திருந்தார்கள். கசிந்தது போக மிச்சமிருக்கும் கொஞ்ச இரத்தமும் நிமிர்ந்ததும் கால்களுக்கு இறங்கிவிடுகிறது. இதயம் வெறுமையாகத் துடிக்கிறது. இப்போது நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பிள்ளைக்கு என்னமோ செய்கிறது என்றதும் முதலில் "எழுந்து எச்.எம். ரூமுக்கு வா" என்று நடக்க வைக்கிறோம். முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறோம். பிறகு ஒரு ஆசிரியர் பைக்கை எடுக்க, இன்னொருவர் பின்னால் உட்கார, பிள்ளையை நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்துப் பக்கத்து கிளினிக்குக்கு விரைகிறோம். அன்பில்தான் செய்கிறோம், அவசரத்தில்தான் செய்கிறோம். ஆனால் இந்த ஒரு நோயில் செய்யவே கூடாதது அதுதான். பிள்ளையை அதே இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, காலுக்குக் கீழே பையையோ பெஞ்சையோ வைத்து உயர்த்த வேண்டும். மூச்சு விடத் திணறினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். நடக்க விடக்கூடாது. உதவி பிள்ளையிடம் வர வேண்டும்.

அந்த உதவி ஒரு மருந்து. அட்ரினலின். 1901இல், ரிஷே கப்பலேறிய அதே ஆண்டில், ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே அதைப் படிக வடிவில் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். அது ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறது: தளர்ந்த குழாய்களை இறுக்குகிறது, இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கிறது, சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. இந்த நான்கையும் சேர்த்துச் செய்யும் வேறு மருந்து இல்லை. நம் கிளினிக்குகளில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு அவில் ஊசியும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும். அவில், செட்ரிசின் போன்றவை அரிப்பைக் குறைக்கும். அதற்கும் நேரம் எடுக்கும். விழுந்த இரத்த அழுத்தத்தை அவை தூக்காது, மூடிய தொண்டையைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை தொடங்கவே மணிக்கணக்காகும். அரிப்பு அடங்கியதைப் பார்த்து "பரவாயில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று அனுப்பிய பின் மூச்சு முட்டும் பிள்ளைகள்தான் நான் மிகவும் அஞ்சும் பிள்ளைகள்.

அளவும் எளிது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு ஆம்பூலில் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். ஆகவே 20 கிலோ எடையுள்ள இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 0.2 மில்லி. எவ்வளவு எடை இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஒரு முறைக்கு 0.3 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான எல்லை. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். ஏன் தொடை? கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் எஸ்தெல் சைமன்ஸ் குழு 1998இல் பிள்ளைகளிடம் அளந்து பார்த்தது. தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சத்தை எட்டியது. கையில் தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்தது. உணவு ஒவ்வாமைக்கு மொத்தமே 30 நிமிடம்தான் இருக்கக்கூடும் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஊசி போட்டதும் பிள்ளைக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும். சில நிமிடத்தில் சரியாகிவிடும். உண்மையில் அனஃபைலாக்சிஸ் இல்லாத, ஆரோக்கியமான பிள்ளைக்குத் தவறிப் போட்டுவிட்டாலும், சரியான அளவில் தசையில் போட்டால் பெரும்பாலும் இதற்கு மேல் ஒன்றும் ஆகாது. போடாமல் விட்டதற்கான விலையை ஒப்பிட்டால், சந்தேகம் வந்தால் போடு என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் சொல்வது. ஆபத்து நரம்பில் ஏற்றும்போதும் அளவு கூடும்போதும்தான்.

அமெரிக்காவில் 1987 முதல் இதைப் பேனா போன்ற கருவியில் அடைத்து விற்கிறார்கள். தொடையில் அழுத்தினால் போதும். 2024இல் அங்கே மூக்கில் பீய்ச்சும் வடிவத்துக்கும் அனுமதி கிடைத்தது. நம் ஊர் மருந்துக்கடையில் இவற்றைக் கேட்டால் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. ஆம்பூலோ சில பத்து ரூபாய். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது. அதே சைமன்ஸ் குழு 2001இல் பெற்றோர்களிடம் ஆம்பூலைக் கொடுத்துக் குழந்தைக்குரிய அளவை இழுக்கச் சொன்னது. சராசரியாக 142 விநாடி எடுத்தார்கள். மருத்துவர்களுக்கு 52 விநாடி போதுமாக இருந்தது. நேரத்தை விட அளவுதான் கவலை தந்தது: பெற்றோர் இழுத்த மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் 40 மடங்கு வித்தியாசம். ஆகவே ஆம்பூலோடு பயிற்சியும், வயதுவாரியாக அளவு அச்சிட்ட அட்டையும், ஒரு மில்லியை நூறாகப் பிரித்துக் கோடு போட்ட சிரிஞ்சும் சேர்ந்தே வர வேண்டும். இப்படி ஒரு பெட்டி நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு வருமுன், எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம்.

வெளிநாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒவ்வாமை என்றால் வேர்க்கடலை. நம் பிள்ளைகள் கடலைமிட்டாய் தின்று வளர்கிறார்கள்; நம்மிடம் அந்தத் தொல்லை அரிது. ஹாங்காங், சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய இடங்களில் 6 முதல் 11 வயது வரையுள்ள 35,549 பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. இந்தியப் பகுதி கர்நாடகத்தில் நடந்தது. அறிகுறியும் சோதனையும் ஒத்துப்போன உணவு ஒவ்வாமை ஹாங்காங்கில் 1.5 சதவீதம், இந்தியாவில் 0.14 சதவீதம். ஒப்பிட்ட இடங்களிலேயே குறைவு நம்முடையது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. இந்தியப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் இரத்தத்தில் ஏதாவது ஒரு உணவுக்கு எதிரான ஐஜி-ஈ இருந்தது. அவர்கள் அந்த உணவைத் தின்றுகொண்டு நலமாக இருந்தார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் "அலர்ஜி பேனல்" என்ற பெயரில் ஏராளமான உணவுகளுக்கு ஒரே இரத்தச் சோதனை விற்கும் லேப்கள் இப்போது சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. முட்டை, கத்திரிக்காய், கொண்டைக்கடலை, பால் என்று நீளும் பட்டியலோடு வீடு திரும்பும் தாய் அத்தனையையும் நிறுத்திவிடுகிறார். சத்துணவில் கிடைக்கும் முட்டை பல வீடுகளில் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைக்கும் நல்ல புரதம். அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு ஒரு காகிதத்தை நம்பி அதைப் பறிப்பது அநியாயம்.

0.14 சதவீதம் என்றால் ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அந்த எண்ணும் நிலையாக நிற்கும் என்று எண்ண முடியாது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்துக் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை 2.5 சதவீதமும், அதே நாட்டின் கிராமத்துக் குழந்தைகளிடம் 0.5 சதவீதமும் இருந்ததாக 2019இல் ஒரு ஆய்வு கண்டது. மாடும் மண்ணும் விட்டுப் போவது, கடலையை எப்போது எப்படித் தருகிறோம் என்பது, சிசேரியன், ஆன்டிபயாடிக் என்று காரணங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே தலைமுறையில் நெல்வயலிலிருந்து கார் ஆலைக்கு மாறிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் குழந்தைகளிடம் இந்த ஆய்வை யாராவது செய்ய வேண்டும்.

உணவை விட்டால் கொட்டும் பூச்சிகள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இதுதான் உடனடி ஆபத்து என்பது என் கணிப்பு. பனைமரத்திலும் பழைய கட்டடத்து மூலையிலும் கதண்டு கூடு கட்டும். காலி மனைகளில் மலைத்தேனீ அடை தொங்கும். கல் ஒன்று பட்டாலும் கூட்டமே கிளம்பும். நூற்றுக்கணக்கில் கொட்டினால் யாருக்கும் நஞ்சேறும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டு போதும், அதுவும் முன்பு ஒருமுறை கொட்டியபோது வெறும் வீக்கத்தோடு போன அதே பிள்ளைக்கு. மூன்றாவது, மருந்துகள்.

பட்டியல் எழுதி வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் அட்ரினலின் போட்ட 115 நிகழ்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 24 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை இருப்பதே அதுவரை பள்ளிக்குத் தெரியாது. ஒவ்வொரு பிள்ளையையும் சோதிக்கும் வசதி உள்ள ஊரிலேயே நான்கில் ஒன்று முன்னறிவிப்பில்லாமல் வருகிறது என்றால், பெயர் எழுதாத மருந்து ஒன்று பள்ளியில் பொதுவாக இருந்தாக வேண்டும்.

இந்த ஆபத்து கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆலை மூடித் திறந்தது. கெட்ட உணவு பலரை ஒன்றாகத் தாக்கும், பலர் சேர்ந்து கேட்கலாம். ஒவ்வாமையில் உணவில் பழுதில்லை. நாற்பது பேர் ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றுவிட்டு விளையாடப் போயிருப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் மூலையில் சுருண்டிருக்கும். சமைத்தவருக்கும் புரியாது, சாப்பிட்டவருக்கும் புரியாது. "சாப்பிட அடம்" என்று திட்டும் வாங்கியிருக்கலாம்.

ஆனாலும் நம் சத்துணவு முறைக்குள் ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரம் ஐந்து நாள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். யார் யாருக்குப் பழம் என்று சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். குடும்ப வழக்கத்தைக் கேட்டறிந்த அந்தக் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்க்கலாம்: "எதையாவது சாப்பிட்டு, அல்லது எதாவது கொட்டி, முகம் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா?" ஜூன் மாதச் சேர்க்கையிலேயே கேட்கலாம். 2023 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினருக்கும் அந்தப் பதில் போய்ச் சேர வேண்டும். இந்த வட்டாரத்தில் அதை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் கேட்க வேண்டிவரும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெற்றோரின் பிள்ளைகள் பள்ளியில் சில மாதத்தில் தமிழ் பேசிவிடுகிறார்கள்; பெற்றோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆறு வயதுப் பிள்ளையையே தன் நோயை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது.

இப்போது அந்தப் பெட்டி. 2017 பிப்ரவரி 5 அன்று இந்தியாவின் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் ஊசி; பெரும்பகுதி பள்ளி வகுப்பறைகளிலேயே நடந்தது. தடுப்பூசிக்கு அனஃபைலாக்சிஸ் வருவது பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான். அந்த ஒன்றுக்காக, ஊசி போடும் ஒவ்வொரு இடத்திலும் அனஃபைலாக்சிஸ் கிட் இருக்க வேண்டும் என்பது விதி. அட்ரினலின் ஆம்பூல்கள், அளவு குறித்த சிரிஞ்சு, ஊசி, வயதுவாரி அளவு அட்டை. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னொரு முக்கியமான காரியமும் செய்தது. மருத்துவர் அருகில் இல்லாவிட்டாலும், கிராம சுகாதார செவிலியர் தாமே ஒரு டோஸ் அட்ரினலினைத் தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று அனுமதித்தது.

ஆக 2017இல் அந்தச் சில நாட்கள் நம் பள்ளிகள், இந்த நோயைப் பொறுத்தவரை, டொரண்டோ பள்ளிகளுக்கு நிகராக இருந்தன. மருந்து இருந்தது, போடத் தெரிந்தவர் இருந்தார், போட அனுமதி இருந்தது. தடுப்பூசி முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு செவிலியர் அடுத்த ஊருக்குப் போனார். இன்றும் 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசிக்கு அவர் அதே பெட்டியோடு வந்து, அதே பெட்டியோடு திரும்புகிறார். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்துக்காக வந்த பெட்டி, ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஆபத்துக்காகப் பள்ளியில் தங்கவில்லை. அறிவியல் இங்கே குறையவில்லை, பணமும் குறையவில்லை. பெட்டியைப் பள்ளி மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் ஒரு அரசாணை மட்டும் வரவில்லை.

டொரண்டோவைச் சும்மா சொல்லவில்லை. 2003இல் கனடாவில், டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் பெம்புரோக்கில் 13 வயது சப்ரினா ஷானன் என்ற மாணவி பள்ளி கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டாள். பால் பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவள். பாலாடைக்கட்டி பட்ட இடுக்கியால் வறுவலை எடுத்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. அவள் மருந்து லாக்கரில் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் அவள் நினைவிழந்துவிட்டாள், பிழைக்கவில்லை. அவள் பெயரில் வந்த சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளியும் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும்; அனஃபைலாக்சிஸ் என்று நம்பி நல்லெண்ணத்தில் ஊசி போடும் ஆசிரியர் மீது வழக்கு வராது. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் இந்தச் சட்டத்தின் கீழ்தான் படிக்கிறார்கள். அமெரிக்கா 2013இலும் பிரிட்டன் 2017இலும் பெயர் குறிப்பிடாத மருந்தைப் பள்ளியில் வைக்க வழி செய்தன.

நம்மிடம் உதவிக்கு வருபவரைக் காக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்டது; அது சாலை விபத்துக்கு மட்டும். ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் வேலை போகுமோ என்று ஆசிரியர் தயங்கினால் அது கோழைத்தனம் அல்ல. ஐந்து வகுப்பைத் தனியாகப் பார்க்கும், தேர்தல் பணிக்கும் போகும் ஒருவரிடம் எழுத்தில் எந்தப் பாதுகாப்பும் தராமல் உயிர் காக்கும் பொறுப்பை மட்டும் தர முடியாது. 2013இல் தொடங்கிய பிள்ளைகள் உடல்நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 30 குறைபாடுகளைத் தேடுகிறது. மூச்சிளைப்பு அதில் இருக்கிறது, அனஃபைலாக்சிஸ் இல்லை. அதற்கடுத்து வந்த பள்ளி நலத் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இருவரே போதும். டி.டி. ஊசி போட வரும் செவிலியர் உப்புநீர் ஆம்பூலை உடைத்து, 0.2 மில்லி இழுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்தக் கற்றுத்தர அரை மணி நேரம் ஆகும். வருடம் இருமுறை செய்தால் கை மறக்காது.

இந்தத் தொழிற்பட்டையில் இன்னொரு வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறையும் கழிப்பறையும் அப்படி வருகின்றன, பெயர்ப்பலகையோடு. ஓ.எச்.சி.யில் இருக்கும் செவிலியரை மாதம் ஒரு நாள் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவதும், காலாவதியாகும் ஆம்பூல்களைப் பார்த்து மாற்றித் தருவதும் அவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. வெயிலில் நிறம் மாறிய மருந்து பயன்படாது. இந்த ஊர் வெயிலில் அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும்.

ஆலைகள் செய்ய வேண்டிய இன்னொன்றுக்குப் பணமே வேண்டாம். பல மின்னணு ஆலைகளில் செல்போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். பள்ளியிலிருந்து எத்தனை முறை அழைத்தாலும் தாயின் போன் இருட்டு லாக்கரில் அடித்துக்கொண்டிருக்கும். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் எண்ணுக்குப் பக்கத்தில் ஆலையின் செக்யூரிட்டி எண்ணும், லைன் பெயரும், ஷிஃப்டும் இருந்தால், பத்து நிமிடத்தில் தாயை வெளியே அழைத்துவர முடியும். முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள், எந்த மருத்துவமனையில் பார்த்தார்கள் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அரசாணையில் இருக்க வேண்டியவை இவ்வளவே. தடுப்பூசிக் கிட்டில் உள்ள அதே பெட்டி ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும், பூட்டாத, வெயில் படாத இடத்தில். பயிற்சி பெற்ற இருவர். அவர்களுக்கு எழுத்தில் பாதுகாப்பு. வகுப்பறையில் செய்ய வேண்டிய வரிசை: தடிப்போடு மூச்சிளைப்போ, குரல் மாற்றமோ, விடாத வாந்தியோ, சோர்ந்து சாய்வதோ சேர்ந்தால் படுக்கவை (தடிப்பே இல்லாமலும் அனஃபைலாக்சிஸ் வரும், பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ). தொடையில் ஊசி. ஒருவர் ஊசி போடும்போதே இன்னொருவர் 108ஐ அழைத்து "அனஃபைலாக்சிஸ்" என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது டோஸ். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி வரும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது காலி ஆம்பூலையும், எத்தனை மணிக்கு எவ்வளவு போட்டது என்று எழுதிய ஒரு துண்டுத் தாளையும் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்து அனுப்ப வேண்டும்.